ஒரு பென்னியும் பத்து வட்டாரங்களும்
அஞ்சல் குறியீட்டுக்கு வழியமைத்த சர் ரோலண்ட் ஹில் (1795–1879)

தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மில் நட்புக் கடிதம் எழுதிப் பழகாதவர் யாரும் இருக்க முடியாது. மேலே வலப்பக்கத்தில் வீட்டு எண், அடுத்த வரியில் தாமான் பெயர், அதற்கடுத்து ஐந்து இலக்க எண், பிறகு ஊர், மாநிலம். அந்த ஐந்து இலக்க எண்ணை விட்டுவிட்டால் எங்கள் ஆசிரியை தயங்காமல் ஒரு புள்ளியைக் குறைத்துவிடுவார். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அதே எண் 'போஸ்கோட்' என்ற பெயரில் மலாய்க் கட்டுரையிலும் வந்து நின்றது. பதினோரு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் அந்த எண்ணை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது எதற்காக என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் என் பாட்டி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் வாழ்ந்தவர் அவர். நான் பல்கலைக்கழகம் வந்த முதல் பருவத்தில் அவருக்கு ஒரு தீபாவளி வாழ்த்து மடல் அனுப்பினேன். குறியீடு சரியாகத்தான் எழுதியிருந்தேன்; 31100. மடலோ தீபாவளி முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் பாட்டியின் கைக்குப் போனது. அந்த எண் சுங்கை சிப்புட் நகரத்துக்கும் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் பொது. பாட்டி வீட்டுக்கு என்று தனி எண் கிடையாது. லயத்துக்கும் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், கிராணி பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கொடுப்பார் என்று பாட்டி சொன்னார். என் மடலுக்குக் கூப்பிட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஒரு கடிதம் சரியான கைக்குப் போய்ச் சேர என்னென்ன வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் சர் ரோலண்ட் ஹில் என்ற மனிதரைச் சந்தித்தேன். அஞ்சல் தலையின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் அதே ரோலண்ட் ஹில்தான். அவருடைய வாழ்க்கை அந்த ஒரு வரியைவிடப் பெரியது, நண்பர்களே.

கதவு தட்டினால் பயம்

ரோலண்ட் ஹில் 1795ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ரைட் ஹில் ஆசிரியர்; புதுமைகளில் ஆர்வம் கொண்டவர், ஆனால் கையில் காசு தங்காதவர். மூன்றாவது மகனான ரோலண்ட் சிறு வயதில் நோயாளிப் பிள்ளை. எழுந்து நடக்க முடியாத நாள்களில் கணப்பருகே படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பாராம். எண்ணிக்கை பல ஆயிரங்களைத் தாண்டிப் போகும். இந்த எண்ணும் பழக்கம்தான் பின்னாளில் ஒரு நாட்டின் அஞ்சல் துறையையே மாற்றியது.

அந்த வீட்டில் தபால்காரர் கதவைத் தட்டினால் மகிழ்ச்சி வராது, பயம்தான் வரும். அன்றைய இங்கிலாந்தில் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கட்ட வேண்டும். கையில் காசில்லாத நேரம் பார்த்துக் கடிதம் வந்துவிடுமோ என்று ரோலண்டின் தாய் அஞ்சினார். ஒரு முறை, கடிதக் கட்டணத்துக்காகப் பழைய துணிகளை விற்று வரும்படி சிறுவன் ரோலண்டைத் தெருவுக்கு அனுப்பினார். அந்த நடையை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார் ரோலண்ட். 1819இல் பர்மிங்காம் அருகே ஹேசல்வுட் என்ற இடத்துக்குப் பள்ளி மாறியது. கட்டடத்தை வடிவமைத்தவரே ரோலண்ட்தான். அறிவியல் ஆய்வுக்கூடமும் நீச்சல் குளமும் அந்தப் பள்ளியில் இருந்தன. பிரம்படி கிடையாது, மாணவர்களே விதிகளை வகுத்து, மாணவர்களே நீதிமன்றம் அமைத்துத் தீர்ப்பும் சொன்னார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளி இது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். 1827இல் இலண்டனை ஒட்டிய டாட்டன்ஹாமில் புரூஸ் காசல் என்ற மாளிகையில் இன்னொரு பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு கரோலின் பியர்சன் என்பவரை அவர் மணந்தார்.

பிறகு உடல் தளர்ந்து ஆசிரியப் பணியை விட்டார். 1835இல் சுழலும் உருளைகளில் அச்சிடும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தென் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் மக்களைக் குடியேற்றும் ஆணையத்துக்குச் செயலாளராகவும் வேலை பார்த்தார். அந்த மண்ணுக்கு உரிமையாளர்களான பூர்வகுடிகளை அந்தத் திட்டம் எவ்வளவு பாதித்தது என்பதை இன்று நாம் அறிவோம். அவரைப் போற்றும்போது இதையும் மறைக்க வேண்டியதில்லை.

முப்பத்தாறில் ஒரு பங்கு

1830களில் பிரிட்டனின் அஞ்சல் கட்டணம் ஒரு புதிராகவே இருந்தது. எத்தனை மைல், எத்தனை தாள் என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே ஒரு தாள் அனுப்ப ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும். வயலில் உழைப்பவருக்கு அது ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி. உறை போட்டால் அதையும் இன்னொரு தாளாகக் கணக்கிடுவார்கள். எனவே மக்கள் கடிதத்தையே மடித்து ஒட்டினார்கள். இடம் மிச்சப்படுத்த, எழுதிய தாளைத் திருப்பிக் குறுக்காகவும் எழுதினார்கள். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் போதும், கடிதம் இலவசமாகப் போகும். பணம் இருப்பவருக்கு இலவசம், இல்லாதவருக்கு ஒரு ஷில்லிங்!

ஏழைகள் தந்திரம் செய்யாமல் என்ன செய்வார்கள்? கவிஞர் கோல்ரிட்ஜ் கண்ட ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. ஒரு பெண், தபால்காரர் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டுக் காசில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். கோல்ரிட்ஜ் இரக்கப்பட்டுப் பணம் கட்டினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெறும் தாள்! நலமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவிக்க அண்ணனும் தங்கையும் செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்த நிகழ்ச்சி ஹில்லுக்கே நடந்ததாகப் பல நூல்களில் காணலாம், அது சரியன்று.

நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் வாலஸ் அஞ்சல் துறை பற்றிய அரசு அறிக்கைகளைக் கட்டுக் கட்டாக ஹில்லுக்குக் கொடுத்தார். கணப்பருகே எண்ணிக்கொண்டிருந்த சிறுவனுக்கு மீண்டும் வேலை வந்தது. இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு அஞ்சல் வண்டி செல்லும் செலவை எடுத்து, அது சுமக்கும் கடிதங்களின் எண்ணிக்கையால் வகுத்தார். ஒரு கடிதத்தைச் சுமக்கும் உண்மைச் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கண்டார்!

அப்படியானால் மீதிப் பணம் எங்கே போகிறது? மைல் கணக்குப் பார்ப்பது, தாளை விளக்கொளியில் பிடித்து எண்ணுவது, பேரேட்டில் பதிவது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காசு வாங்குவது என்று எல்லாம் மனிதக் கைகளில் போகிறது. ஆக, அஞ்சலின் செலவு தூரத்தில் இல்லை, கையாளுவதில் இருக்கிறது. ஹில்லின் வாழ்நாள் கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால், அஞ்சல் தலையைவிட இந்த உண்மையைத்தான் சொல்வேன்.

இதிலிருந்து மற்றவை தாமாகவே பிறந்தன. தூரம் செலவில்லை என்றால் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் போதும். காசு வாங்குவதுதான் செலவு என்றால் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டட்டும். கட்டியதற்கு அடையாளமாகப் பின்புறம் பசை தடவிய சிறு தாளை ஒட்டட்டும். 1837இல் இந்த எண்ணங்களை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம் எடையுள்ள கடிதத்துக்கு ஒரு பென்னி!

கறுப்பு முத்திரை

அஞ்சல் துறை அதிகாரிகள் இதைப் பைத்தியக்காரத் திட்டம் என்றே கருதினார்கள். கடிதங்கள் பெருகினால் கட்டடத்தின் சுவர்கள் தாங்குமா என்ற கவலைகூட எழுந்தது. ஆனால் வணிகர்கள் ஹில்லின் பக்கம் நின்றார்கள். நாடெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் நாடாளுமன்றத்தில் வந்து குவிந்தன. 1839 ஆகஸ்டு 17ஆம் நாள் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. 1840 ஜனவரி 10ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் இலவசச் சலுகையும் அன்றே ஒழிந்தது. அதே ஆண்டு மே 6 முதல், விக்டோரியா அரசியாரின் முகம் பொறித்த பென்னி பிளாக் என்ற உலகின் முதல் அஞ்சல் தலை செல்லுபடியானது. அதில் நாட்டின் பெயர் இல்லை. இன்றுவரை பிரிட்டனின் அஞ்சல் தலைகளில் நாட்டின் பெயர் இடம்பெறுவதில்லை.

பசை தடவிய தலையை முதலில் எண்ணியவர் தாமே என்று டண்டீ நகரின் ஜேம்ஸ் சால்மர்ஸ் உரிமை கொண்டாடினார். அந்த வழக்கு அவர்களுடைய பிள்ளைகள் காலத்திலும் தீரவில்லை. அஞ்சல் தலையோடு வெளியிடப்பட்ட மல்ரெடி என்ற ஓவிய உறையை மக்கள் கேலி செய்தே ஒழித்தார்கள். எனவே எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது.

1839இல் சுமார் 7 கோடி 60 இலட்சமாக இருந்த கடிதங்கள் 1840இல் ஏறக்குறைய 16 கோடி 90 இலட்சம் ஆயின. ஆனால் துறையின் நிகர வருமானமோ சுமார் 16 இலட்சம் பவுனிலிருந்து 5 இலட்சமாக இறங்கியது. ஆட்சி மாறியது. 1842இல் புதிய அரசு ஹில்லை வேலையிலிருந்து நீக்கியது. தம் திட்டம் பாதியில் நிற்க, அவர் இலண்டன்–பிரைட்டன் இரயில் நிறுவனத்தின் நிருவாகத்துக்குப் போனார். மக்கள் அவரை மறக்கவில்லை. நன்கொடை திரட்டி 1846இல் சுமார் 13,000 பவுன் அளித்தார்கள். அதே ஆண்டு மீண்டும் ஆட்சி மாற, ஹில் அஞ்சல் துறைக்குத் திரும்பினார். 1854இல் துறையின் செயலாளரானார்.

அதிகாரியாக அவர் பழகுவதற்கு எளிய மனிதர் அல்லர். தம் கருத்தே சரி என்பார், விமர்சனத்தைத் தாங்கமாட்டார், உடன்பிறந்தோரைத் துறைக்குள் கொண்டுவந்தார். அங்கே பணியாற்றிய நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப்புக்கும் அவருக்கும் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை.

இலண்டனைப் பத்தாகப் பிரித்தவர்

கட்டணச் சிக்கல் தீர்ந்ததும் புதிய சிக்கல் பிறந்தது. அதை உண்டாக்கியது ஹில்லின் வெற்றிதான். கடிதங்கள் மலையாகக் குவிந்தன. குவிந்தவற்றை யார் பிரிப்பது? இலண்டனுக்குள் ஒரு தெருவிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும் கடிதம்கூட நகர நடுவே இருந்த செயிண்ட் மார்ட்டின்ஸ் லெ கிராண்ட் தலைமை நிலையத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். இன்னொரு தலைவலி, தெருப் பெயர்கள். ஒரே பெயரில் பல தெருக்கள் நகரெங்கும் கிடந்தன. கடிதத்தில் எழுதியிருப்பது எந்தத் தெரு என்பதைப் பிரிப்பவர் தம் நினைவாற்றலை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டும்.

செலவு கையாளுவதில் இருக்கிறது என்ற தம் பழைய உண்மையையே ஹில் மீண்டும் பயன்படுத்தினார். தலைமை நிலையத்தைச் சுற்றி 12 மைல் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டு, அதைப் பத்து வட்டாரங்களாகப் பிரித்தார். நடுவில் இரண்டு: கிழக்கு நடு, மேற்கு நடு. சுற்றிலும் எட்டுத் திசைகள். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத் திசைப்பெயரின் முதலெழுத்து. ஈ.சி., டபிள்யூ.சி., என்., எஸ்.டபிள்யூ. என்றவாறு முகவரியின் கடைசியில் ஓரிரு எழுத்தைச் சேர்க்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1857இல் தொடங்கி 1858 ஜனவரி 1ஆம் நாள் திட்டம் முழுமையடைந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தனி ஊர் போல் தன் கடிதங்களைத் தானே பிரித்துக்கொண்டது. கடிதம் பிரிப்பவர் தெருவைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தைப் பார்த்தால் போதும்.

அஞ்சல் குறியீட்டின் அடிப்படை இதுதான். ஒருவர் தலையில் இருந்த அறிவு, உறையின் மேல் வந்து உட்கார்ந்தது.

பின்னர் டிரோலப் ஆராய்ந்து அளித்த அறிக்கையின்படி வடகிழக்கும் தெற்கும் நீக்கப்பட்டன. 1917இல், முதல் உலகப் போரின்போது, எழுத்துகளோடு எண்களும் சேர்ந்தன. வட்டாரத் தலைமை நிலையத்துக்கு 1; மற்ற இடங்களுக்குப் பெயர் அகர வரிசையில் 2, 3, 4. எனவே இலண்டனில் எண் சிறியதென்றால் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்து ஏமாறக் கூடாது!

1860இல் ஹில் சர் பட்டம் பெற்றார். உடல்நலம் குன்றி 1864இல் ஓய்வு பெற்றபோது, ஓராண்டில் அனுப்பப்பட்ட கடிதங்கள் 60 கோடியைத் தாண்டியிருந்தன. 1879 ஆகஸ்டு 27ஆம் நாள் ஹாம்ஸ்டெட்டில் காலமானார். பழைய துணி விற்கப்போன சிறுவனின் உடல் மன்னர்களும் கவிஞர்களும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின் உலகம்

ஹில்லின் எண்ணங்கள் நம் முன்னோர்களையும் தொட்டன. 1854இல் இந்தியாவில் தூரம் பாராமல் ஒரே கட்டணம் என்ற முறை வந்தது. கால் தோலா எடைக்கு அரை அணா. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அன்று இந்திய நிருவாகத்தின் கீழ் இருந்ததால் இங்கும் இந்திய அஞ்சல் தலைகளே புழங்கின. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் தனியே பிரிந்தபோது வெளியான முதல் அஞ்சல் தலைகளும், இந்தியத் தலைகளின் மேல் கிரீடமும் புதிய மதிப்பும் அச்சிட்டவைதான்.

வட்டார எழுத்து என்ற விதையிலிருந்து ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மரம் வளர்த்துக்கொண்டது. 1932இல் உக்ரைனும் 1941இல் ஜெர்மனியும் நாடு தழுவிய குறியீடுகளைக் கொண்டுவந்தன. அமெரிக்கா 1963 ஜூலை 1 முதல் ஐந்து இலக்க ஜிப் எண்ணைப் பயன்படுத்துகிறது. அதன் முதல் இலக்கம் வடகிழக்கில் 0 என்று தொடங்கி மேற்குக் கரையில் 9 என்று முடிகிறது. இந்தியா 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் ஆறு இலக்கப் பின்கோடைத் தொடங்கியது. அதை உருவாக்கிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். அதில் 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 9 என்றால் இராணுவ அஞ்சல்.

சிங்கப்பூர் 1950இல் இரண்டு இலக்கம், 1979இல் நான்கு, 1995இல் ஆறு என்று முன்னேறியது. இன்று அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண். வீவக அடுக்குமாடியின் புளோக் எண்ணே அஞ்சல் எண்ணின் கடைசியில் நிற்கும். அயர்லாந்து 2015இல் இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குறியீடு கொடுத்தது. கிராமப்புறத்தில் பல வீடுகளுக்கு ஒரே முகவரி இருந்ததே காரணம். ஹாங்காங்கோ இன்றும் குறியீடே இல்லாமல் சமாளிக்கிறது.

பிரிட்டன் 1959இல் நோரிச் நகரில் சோதனை செய்து, 1974இல் நாடு முழுவதும் குறியீடு கொடுத்து முடித்தது. அதில் முன்பாதி ஊரையும் வட்டாரத்தையும் காட்டும். பின்பாதி சராசரியாகப் பதினைந்து வீடுகள் கொண்ட ஒரு சிறு பகுதியைக் காட்டும். பக்கிங்காம் அரண்மனையின் குறியீடு எஸ்.டபிள்யூ. என்று தொடங்குகிறது. ஹில் 1857இல் போட்ட அதே தென்மேற்கு!

நம் மலேசியாவில் ஐந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கங்கள் பெரும் பகுதியைச் சொல்லும்: 10 என்றால் பினாங்கு, 30 என்றால் ஈப்போ, 50 என்றால் கோலாலம்பூர். கடிதம் அதிகம் வரும் நிறுவனத்துக்குத் தனி எண்ணும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் 50603 அப்படிப்பட்டதுதான். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு முழு எண். பாட்டியின் தோட்டம், பக்கத்துத் தோட்டம், ஒரு நகரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் எண்.

பாட்டியின் மடல்

இது யார்மீதும் குறை சொல்ல எழுதியதன்று. குறியீடு கடிதத்தை ஊர்வரை கொண்டுவந்து விடும். ஊரிலிருந்து வாசல்வரை வர வீட்டுக்கு எண் வேண்டும், தெருவுக்குப் பெயர் வேண்டும். ஏழையின் கடிதத்துக்கும் பணக்காரனின் கடிதத்துக்கும் ஒரே விலை என்று ஆக்கினார் ரோலண்ட் ஹில். ஆனால் வாசல் எண்ணே இல்லாத வீட்டுக்கு அந்த நீதி பாதி தூரம்தான் வருகிறது. இந்நாட்டின் இரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் மக்களில் பலர், தங்களுக்கென்று ஒரு முகவரி இல்லாமல் தோட்டத்தின் பெயரிலேயே வாழ்ந்து முடித்தார்கள். நான்கு வரி முகவரியை வகுப்பறையில் எழுதிப் பழகிய நமக்கு அது எவ்வளவு பெரிய பேறு என்பது தெரிவதில்லை.

பாட்டி இப்போது மாமா வீட்டுக்கு, தாமானுக்கு வந்துவிட்டார். வாசலில் எண் இருக்கிறது. ஜாலானுக்குப் பெயர் இருக்கிறது. சென்ற பொங்கலுக்கு அனுப்பிய மடல் நான்கே நாளில் போய்ச் சேர்ந்தது. உறையின் மேல் தம் பெயரோடு வீட்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்த பாட்டி, மடலை விட்டுவிட்டு உறையைத்தான் சாமி மேடையில் வைத்திருக்கிறார் என்று மாமா சொன்னார்.

குறுஞ்செய்தி ஒரு நொடியில் போகும் காலம் இது. இருந்தாலும், நண்பர்களே, இந்த விடுமுறைக்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஐந்து இலக்க எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு புள்ளி குறைந்துவிடும்.